டெக்சாஸ் உயர்நிலைப் பள்ளியில் கிரிமினல் ஜஸ்டிஸ் பாடம்: கையெழுத்துப் போடுமுன் விதிகளையும் மதிப்பெண் முறையையும் எப்படிப் படிப்பது

கேள்வி இது: மகள் டெக்சாஸில் பத்தாம் வகுப்புப் படிக்கிறாள். கிரிமினல் ஜஸ்டிஸ் (குற்றவியல் நீதி) பிரிவில் லா என்ஃபோர்ஸ்மென்ட் 1 (காவல் பணி) எடுத்திருக்கிறாள். முதல் வாரமே நான்கு பக்க சிலபஸ் வீட்டுக்கு வந்துவிட்டது. கைவிலங்குப் பயிற்சி, சீருடை நாள், தொழில்முறை நடத்தைக்கு மதிப்பெண், தாமதமானால் கழிவு என்று நிறைய இருக்கிறது. கடைசியில் பெற்றோர் கையெழுத்து கேட்கிறார்கள். இது சுலபமான பாடம்தானா, ஜி.பி.ஏ.வை (எல்லாப் பாடங்களின் சராசரி கிரேடை) இழுத்துவிடுமா, எதைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது?

முதலில் நேரடியான பதில். பாடத்தின் உள்ளடக்கம் கடினமில்லை. ஆனால் வேதியியலிலோ அல்ஜீப்ராவிலோ இருப்பதைவிட இதில் மதிப்பெண் கணக்கு சிக்கலானது. தேர்வு, அறிக்கை, செய்முறை, நடத்தை, உடை எல்லாமே ஒரே கிரேடுக்குள் வந்து சேர்வதுதான் காரணம். பிள்ளைகள் இதில் மதிப்பெண் இழப்பது பெரும்பாலும் சட்டம் புரியாததால் அல்ல. ஒப்படைக்காத ஓர் அறிக்கையும் கவனிக்காத ஒரு விதியும்தான் இழக்க வைக்கின்றன. ஆதாரம் இல்லாமல் யாரையும் குற்றவாளி என்று சொல்லக் கூடாது என்று கற்றுக்கொடுக்கும் வகுப்பு இது. மாணவிக்குக் கொடுக்கும் மதிப்பெண்ணும் அதே போல் காட்டக்கூடிய ஆதாரத்தின் மேல் நிற்க வேண்டும். சிலபஸில் ஒவ்வொரு வரியையும் இந்த அளவுகோலை வைத்துப் படியுங்கள்.

பாடம் எங்கே உட்காருகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இது சி.டி.இ. எனப்படும் தொழில்கல்விப் பிரிவு. 2013இல் வந்த எச்.பி. 5 சட்டத்துக்குப் பிறகு டெக்சாஸில் உயர்நிலைப் பள்ளிப் பட்டம் பெற அடிப்படை 22 கிரெடிட், எண்டார்ஸ்மென்ட் எனப்படும் துறைச் சிறப்புப் பிரிவோடு 26 கிரெடிட். கிரிமினல் ஜஸ்டிஸ் பாடங்கள் பப்ளிக் சர்வீசஸ் எண்டார்ஸ்மென்ட்டில் வரும். வழக்கமான வரிசை ஓர் அறிமுகப் பாடம், பிறகு லா என்ஃபோர்ஸ்மென்ட் 1, 2, அதோடு நீதிமன்ற முறை, சிறைத்துறைப் பணி, கடைசி ஆண்டில் பிராக்டிகம் எனப்படும் பயிற்சிப் பாடம். இதே குடும்பத்தில் இருக்கும் ஃபாரன்சிக் சயன்ஸ் (தடய அறிவியல்) மட்டும் வேறு ரகம். அது அறிவியல் கிரெடிட்டாகவே கணக்காகும், நேரத்தில் குறைந்தது 40 சதவீதம் ஆய்வகத்துக்கும் களப்பணிக்கும் போக வேண்டும். இரண்டுக்கும் ஒரே ஆசிரியராக இருந்தாலும் மதிப்பெண் முறை ஒன்றாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம்.

அடுத்து, உங்கள் கையில் இருக்கும் தாளுக்கு எவ்வளவு பலம் என்று தெரிந்திருக்க வேண்டும். சிலபஸ் ஆசிரியர் எழுதியது. அதற்கு மேல் பள்ளி மாவட்டத்தின் கிரேடிங் பாலிசி, அதற்கும் மேல் மாநிலச் சட்டம். டெக்சாஸ் கல்விச் சட்டத்தின் 28.0216ஆம் பிரிவு, ஒவ்வொரு மாவட்டமும் பள்ளி ஆண்டு தொடங்குமுன் கிரேடிங் பாலிசியை ஏற்க வேண்டும் என்கிறது. கொடுக்கும் மதிப்பெண் மாணவருக்கு அந்த வேலையில் உள்ள தேர்ச்சியைக் காட்ட வேண்டும். வேலையின் தரத்தைப் பார்க்காமல் குறைந்தபட்சம் இத்தனை போடு என்று ஆசிரியரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. தோற்ற வேலையைத் திரும்பச் செய்ய நியாயமான வாய்ப்பை மாவட்டம் அனுமதிக்கலாம். மூன்றாவது வாக்கியம் 'அனுமதிக்கலாம்' என்றுதான் இருக்கிறது, 'அனுமதிக்க வேண்டும்' என்று இல்லை. அதனால் ரீடேக் உண்டா, உண்டென்றால் 70 வரைதானா முழு மதிப்பெண்ணா என்பது ஊருக்கு ஊர் மாறும். மாவட்ட இணையதளத்தில் இந்தப் பாலிசி பி.டி.எஃப். ஆக இருக்கும். சிலபஸை அதன் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். இரண்டும் மோதினால் மாவட்டப் பாலிசிதான் நிற்கும்.

இனி கணக்கு. ஒன்பது வாரப் பருவத்தில் பெரிய மதிப்பெண் மூன்று, அவற்றுக்கு 60 சதவீதம். தினசரி மதிப்பெண் பத்து, அவற்றுக்கு 40 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு பெரிய மதிப்பெண்ணின் எடை மொத்தத்தில் 20, ஒரு தினசரி வேலையின் எடை 4. இது தெரியாமல் பிள்ளைகள் இரவெல்லாம் விழித்து ஒரு வொர்க்‌ஷீட்டை முடித்துவிட்டு, சம்பவ அறிக்கையை விட்டுவிடுகிறார்கள். விளைவைப் பாருங்கள். பெரிய மதிப்பெண்கள் 88, 91, ஒப்படைக்காத அறிக்கைக்கு 0. சராசரி 59.7. தினசரி சராசரி 95 என்ற நல்ல நிலையிலேயே மொத்தம் 73.8தான் வரும். அதே அறிக்கையைத் தாமதமாகக் கொடுத்து 70 வாங்கியிருந்தால் பெரியவற்றின் சராசரி 83, மொத்தம் 87.8. ஒரே தாளில் பதினான்கு மதிப்பெண் வித்தியாசம். நூறு மதிப்பெண் அளவில் 70தான் தேர்ச்சிக் கோடு என்பதால் பூஜ்யம் இப்படிக் கடிக்கிறது. தோற்ற தாளை மற்ற நல்ல தாள்கள் தூக்கிவிடும். பூஜ்யத்தைத் தூக்க முடியாது.

தாமதக் கழிவை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். ஒரு நாளுக்கு 10 என்று எழுதி, எத்தனை நாள் வரை என்று எழுதாமல் விட்ட சிலபஸ் மோசமானது. நான்காம் நாளில் 80 மதிப்பெண் தகுதியுள்ள வேலை 40 ஆகிவிடும். அதற்குப் பிறகு அதை எழுதி முடிக்க மாணவிக்குக் காரணமே இருக்காது. எழுதாத அறிக்கையால் அவள் எதுவும் கற்கவும் மாட்டாள். மொத்தக் கழிவு 20 அல்லது 30க்கு மேல் போகாது, பருவம் முடிய ஒரு வாரம் முன்பு வரை வாங்கிக்கொள்வோம் என்று எழுதியிருந்தால் அந்த ஆசிரியர் யோசித்திருக்கிறார் என்று பொருள். எழுதவில்லை என்றால் கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள்.

ஸ்கைவார்ட் போன்ற இணைய மதிப்பெண் ஏட்டைப் பார்த்துப் பதறாதீர்கள். பருவத்தின் இரண்டாம் வாரத்தில் ஒரே ஒரு தினசரி மதிப்பெண் மட்டும் ஏறியிருந்து அது 60 என்றால் மொத்தமும் 60 என்றே காட்டும். அடுத்த வாரம் ஒரு பெரிய மதிப்பெண் 90 ஏறினால் 78 ஆகிவிடும். வெற்றுக் கட்டம் வேறு, பூஜ்யம் வேறு. வெற்றாக இருப்பது கணக்கில் வராது. வேலை வரவில்லை என்று குறியிட்டால் பல ஏடுகள் அதைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். கேன்வாஸ் என்ற வகுப்புத் தளத்தில் தெரியும் மதிப்பெண்ணையும் அதிகாரபூர்வ ஏட்டில் இருப்பதையும் மாதம் ஒருமுறையாவது ஒப்பிடச் சொல்லுங்கள். ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகும்போது விட்டுப்போவது சாதாரணமாக நடக்கும். பருவத்தின் மூன்றாவது வாரத்தில், ஒன்பது வாரப் பருவமென்றால் நான்காவது வாரமாகவும் இருக்கலாம், ஆங்கிலம், கணிதம் போன்ற அடிப்படைப் பாடங்களில் தொடர்ந்து மோசமாகப் போகும் மாணவர் வீட்டுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது; இந்த விருப்பப் பாடத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை, அதனால் ஏட்டை நீங்களே பாருங்கள். அந்தத் தாள் வந்தால் அன்றே ஆசிரியருக்கு எழுதுங்கள், ரிப்போர்ட் கார்டுக்குக் காத்திருக்க வேண்டாம்.

செமஸ்டர் மதிப்பெண் பல இடங்களில் இரண்டு ஒன்பது வாரங்களுக்கும் தலா 40 சதவீதம், இறுதித் தேர்வுக்கு 20 சதவீதம் என்று வரும். முதல் பருவம் 78, இரண்டாவது 66, தேர்வு 62 என்றால் 31.2, 26.4, 12.4. கூட்டினால் சரியாக 70. கிரெடிட் கிடைத்துவிடும். ஆனால் இரண்டாவது பருவத்தின் 66 தனியாக ஒரு வேலை செய்திருக்கும். 1984 முதல் டெக்சாஸில் இருக்கும் நோ பாஸ் நோ பிளே விதிப்படி, ஒரு பருவத்தில் ஏதாவது ஒரு பாடத்தில் 70க்குக் கீழே போனால் குறைந்தது மூன்று வாரம் போட்டிகளிலும் நிகழ்ச்சிகளிலும் கலந்துகொள்ள முடியாது. சில உயர்நிலைப் பாடங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு, இந்தப் பாடம் அதில் சேராது. ஆர்க்கெஸ்ட்ராவிலோ டென்னிஸ் அணியிலோ இருக்கும் பிள்ளைக்கு இது பெரிய அடி. சுலபமான விருப்பப் பாடம் என்று அலட்சியமாக விட்ட வகுப்பால் மேடை போவது இப்படித்தான்.

எதற்கு மதிப்பெண் என்பதற்கு வருவோம், பாடத்தின் உயிர் இங்கேதான். நல்ல கிரிமினல் ஜஸ்டிஸ் வகுப்பில் மூன்று வகை வேலை இருக்கும்: எழுத்து அறிக்கை, வழக்குச் சுருக்கம், செய்முறை.

சம்பவ அறிக்கை என்பது போலீஸ் அதிகாரி எழுதுவது போன்றது. 'நான்' என்று தன்மையில், இறந்த காலத்தில், நடந்த வரிசையில் எழுத வேண்டும். மதிப்பெண் அட்டவணை ஒன்று கூடவே வர வேண்டும். நியாயமான பிரிப்பு என்றால் யார், எங்கே, எப்போது, என்ன என்ற விவரங்கள் முழுமையாக இருப்பதற்கு 30, கால வரிசைக்கு 20, கண்டதையும் ஊகித்ததையும் பிரித்து எழுதியதற்கு 20, அந்தக் குற்றத்தின் சட்டக் கூறுகள் ஒவ்வொன்றுக்கும் உண்மை ஒன்றைக் காட்டியதற்கு 20, மொழிக்கு 10 என்று வைக்கலாம். பிள்ளைகள் மதிப்பெண் இழக்கும் இடம் மூன்றாவது. "அவர் கோபமாக இருந்தார்" என்று எழுதுவார்கள். அது ஊகம். "குரலை உயர்த்தினார், இரண்டு கைகளையும் முஷ்டியாக மடக்கினார், என்னை நோக்கி இரண்டு அடி வந்தார்" என்பது கண்டது. இந்த வித்தியாசத்தை ஒருமுறை பிடித்துவிட்டால் எல்லா அறிக்கையிலும் 15, 20 மதிப்பெண் ஏறும். அட்டவணையே இல்லாமல் "அறிக்கை, 100 மதிப்பெண்" என்று மட்டும் இருந்தால் அட்டவணை கேட்பது உங்கள் மகளின் உரிமை, மரியாதையாகக் கேட்கச் சொல்லுங்கள்.

வழக்குச் சுருக்கத்தில் நடந்தது, சட்டக் கேள்வி, தீர்ப்பு, தீர்ப்புக்கான காரணம் நான்கும் வேண்டும். வழக்கமாக வரும் உச்ச நீதிமன்ற வழக்குகள் மேப் எதிர் ஒஹாயோ (1961), கிடியன் (1963), மிராண்டா (1966), டெரி (1968), டென்னசி எதிர் கார்னர் (1985), கிரஹாம் எதிர் கானர் (1989). ஏ.ஐ. பயன்பாட்டு விதி மிகவும் தேவைப்படும் இடம் இது. 2023இல் நியூயார்க்கில் மாட்டா எதிர் அவியான்கா வழக்கில், சாட்ஜிபிடி உண்டாக்கிய இல்லாத வழக்குகளை நீதிமன்றத்தில் தாக்கல் செய்த வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதித்தார் நீதிபதி. மாணவிக்கு விதி எளிமையாக இருந்தால் போதும்: சொல்லும் ஒவ்வொரு வழக்குக்கும் தீர்ப்பின் மூலப் பக்கத்தைக் காட்ட முடிய வேண்டும், கையால் எழுதிய குறிப்பையும் சேர்த்து ஒப்படைக்க வேண்டும். ஏ.ஐ.யைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் சொன்னதை மட்டும் வைத்துப் பூஜ்யம் போடுவோம் என்று எழுதியிருந்தால் அதை எதிர்த்துக் கேளுங்கள். அந்த மென்பொருள்கள் தாங்களே எழுதியவர்களையும் தவறாகக் காட்டுகின்றன. ஆசிரியர் மாணவியைக் கூப்பிட்டு ஐந்து நிமிடம் வழக்கைப் பற்றிக் கேட்டாலே அவள் எழுதினாளா என்பது தெரிந்துவிடும்.

செய்முறையில் குற்றச் சம்பவ இட வேலைக்குத்தான் பெரிய மதிப்பெண் இருக்கும். இடத்துக்குள் நுழைந்து பாதுகாத்த முறைக்கு 10, புகைப்படத்துக்கு 20, வரைபடத்துக்கு 20, தடயத்தை எடுத்துப் பொதிந்ததற்கு 25, ஆவணங்களுக்கு 25 என்பது போன்ற பிரிப்பு நல்லது. தவறுகள் எங்கே வரும் என்றால், புகைப்படத்தில் முழு இடம், நடுத்தர தூரம், கிட்டத்தில் என்ற மூன்றும் எடுத்துவிட்டு, கிட்டத்துப் படத்தை அளவுகோல் இல்லாமலும் வைத்தும் இரண்டு முறை எடுக்க மறந்துவிடுவார்கள். வரைபடத்தில் ஒவ்வொரு தடயத்தையும் நகராத இரண்டு புள்ளிகளிலிருந்து அளக்க வேண்டும். நாற்காலியிலிருந்து அளந்தால் மதிப்பெண் போகும், நாற்காலியை யாரும் நகர்த்தலாம். வடக்கு அம்புக்குறியும் விட்டுப்போகும். ரத்தக்கறை படிந்த துணியை உலர்த்திக் காகிதப் பையில் வைக்க வேண்டும், பிளாஸ்டிக்கில் வைத்தால் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்து மாதிரி கெடும். தீ வைப்பு இடத்துக் கரியை மட்டும் காற்றுப் புகாத உலோக டப்பாவில் வைக்க வேண்டும், இல்லையென்றால் எரிபொருளின் ஆவி தப்பிவிடும். கைரேகைப் பொடியைத் தூரிகையில் அள்ளி அப்பினால் ரேகையின் கோடுகளே மூடிப்போகும். தடயம் கை மாறிய பதிவில் ஒரு கையெழுத்தோ ஒரு நேரமோ விட்டுப்போனால் அந்தப் பகுதிக்கு முழு மதிப்பெண்ணும் கழிப்பார்கள். கடுமையாகத் தெரியலாம், எனக்கு அது சரியென்றே படுகிறது. நீதிமன்றத்தில் அந்த ஓட்டையைப் பிடித்துத்தான் எதிர்த்தரப்பு வாதாடும்.

இந்த வேலைகள் குழுவாக நடப்பதால், மொத்த மதிப்பெண்ணும் குழுவுக்கு என்று இருந்தால் கேள்வி கேளுங்கள். குழுவுக்கு 40, ஒவ்வொருவரும் தனியாக எழுதும் குறிப்புக்கும் பதிவுக்கும் 60 என்பது நியாயமாக இருக்கும். ஒருவர் வராத நாளில் அவருக்கு என்ன மாற்று என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

வகுப்பு விதிகளில் நீங்கள் அதிக நேரம் செலவழிக்க வேண்டியது உடலைத் தொடும் பயிற்சிகள் பற்றிய பக்கத்தில். கைவிலங்குக்கு இவ்வளவும் எழுதியிருக்க வேண்டும்: பள்ளியின் விலங்குகள் மட்டும், வீட்டிலிருந்து கொண்டுவரக் கூடாது; ஆசிரியர் அறையில் இருக்கும்போது மட்டும்; சாவி ஆசிரியரிடம் ஒன்று, வெளியே இன்னொன்று; பூட்டிய பிறகு மணிக்கட்டில் ஒரு விரல் நுனி நுழையும் இடைவெளி; இரட்டைப் பூட்டு போட்டே தீர வேண்டும். இரட்டைப் பூட்டு போடாத விலங்கு அசைய அசைய இறுகிக்கொண்டே போகும், நரம்பை அழுத்தி விரல் மரத்துப்போகும். பயிற்சியில் இதனால் காயம் வரலாம். விலங்கிட்டவரைத் தரையில் குப்புறப் படுக்க வைக்கக் கூடாது, தனியாக விடக் கூடாது. நிறுத்து என்று சொன்ன நொடியில் எல்லாம் நிற்க வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது. விலங்கிடவோ இடப்படவோ விரும்பாத மாணவிக்கு அதே மதிப்பெண்ணுக்கு மாற்று வழி வேண்டும், பொம்மையின் மேல் செய்து காட்டியோ படிகளை வாயால் சொல்லியோ. பெண் பிள்ளைகளைச் சோதனையிடும் பயிற்சியில் யார் யாரைத் தொடலாம் என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். இந்த மாற்று வழி எழுதப்படாத ஒப்புதல் படிவத்தில் அப்படியே கையெழுத்துப் போட வேண்டாம். ஒரு வரி சேர்த்துக் கேளுங்கள், பெரும்பாலான ஆசிரியர்கள் மகிழ்ச்சியோடு சேர்ப்பார்கள்.

பயிற்சித் துப்பாக்கி என்றால் முழுவதும் ஒரே நீலத்திலோ சிவப்பிலோ வார்த்த, எந்த அசையும் பாகமும் இல்லாத பிளாஸ்டிக் கட்டிதான். அதையும் பள்ளிதான் வைத்திருக்கும், எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கும். இந்தப் பகுதியை மகளோடு உட்கார்ந்து படியுங்கள். வகுப்பில் பயன்படுத்துகிறோமே என்று பொம்மைத் துப்பாக்கியைப் பையில் போட்டுக் கொண்டுபோனால் அது வகுப்பு விதி மீறலோடு நிற்காது, பள்ளி ஒழுங்கு நடவடிக்கையாகிவிடும். கார் நிறுத்தும் பயிற்சியோ கட்டடம் சோதிக்கும் பயிற்சியோ நடக்கும் நாளில் அலுவலகத்துக்கு முன்கூட்டியே தெரிவித்துக் கதவில் அறிவிப்பு ஒட்ட வேண்டும். வராந்தாவில் போகிறவர் பார்த்து 911ஐ அழைத்துவிட்டால் உண்மையான போலீஸ் உண்மையான ஆயுதத்தோடு வந்துவிடும்.

கைபேசி விதி இப்போது ஆசிரியர் விருப்பம் இல்லை. 2025இல் வந்த எச்.பி. 1481 சட்டப்படி டெக்சாஸ் அரசுப் பள்ளிகளில் பள்ளி நேரத்தில் சொந்தக் கைபேசி பயன்படுத்தக் கூடாது. சம்பவ இடப் புகைப்படத்துக்குப் பள்ளி கேமராவோ டேப்லெட்டோ தர வேண்டும். பழைய சிலபஸை அப்படியே நகல் எடுத்து "கைபேசியில் படம் எடுத்து ஏற்று" என்று இருந்தால் சுட்டிக்காட்டுங்கள், இல்லாவிட்டால் பிள்ளை இரண்டு விதிக்கு நடுவே மாட்டிக்கொள்வாள்.

பேச்சு விதிகளும் இந்தப் பாடத்தில் முக்கியம். ஒரே வகுப்பில் போலீஸ்காரரின் மகனும் அப்பா சிறையில் இருக்கும் பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். யாருடைய குடும்ப வழக்கையும் வகுப்பில் கேட்கக் கூடாது, உள்ளூரில் நடக்கும் வழக்கில் பெயர் சொல்லக் கூடாது, தன் கதையைச் சொல்லும்படி எந்த வேலையும் கேட்கக் கூடாது. கொலை, பாலியல் குற்றம் பற்றிய படங்களும் காணொளிகளும் வருமுன் அறிவிப்பு வேண்டும், மதிப்பெண் இழக்காமல் வெளியே போகும் வழி வேண்டும். இன்னொன்றை மகளுக்குச் சொல்லி வையுங்கள்: ஒரு குழந்தை துன்புறுத்தப்படுவதாகச் சந்தேகிக்கக் காரணம் தெரிந்தால் ஆசிரியர் அதைப் புகார் செய்தே ஆக வேண்டும், அது அவருடைய சட்டக் கடமை. ரகசியமாக வைத்திருங்கள் என்று கேட்டாலும் அவரால் முடியாது.

இனி சர்ச்சைக்குரிய பகுதி, தொழில்முறை நடத்தை மதிப்பெண். நேரத்துக்கு வருவது, சீருடை நாளில் டக்-இன் செய்த சட்டை, 'சார், மேடம்' என்று பதில் சொல்வது ஆகியவற்றுக்கு வாரம் 100 மதிப்பெண் கொடுக்கும் வகுப்புகள் இருக்கின்றன. வேலைக்கு ஆயத்தம் செய்யும் பாடத்தில் இதற்கு இடம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மொத்தத்தில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, அதையும் மூன்று நான்கு கண்ணால் பார்க்கக்கூடிய செயல்களாகப் பிரித்துத் தேதியோடு குறிக்க வேண்டும். "மனப்பான்மை" என்று ஒரே சொல்லுக்கு 20 சதவீதம் என்றால் ஆசிரியருக்குப் பிடித்த பிள்ளைகளுக்கு அது போய்ச் சேரும். அமைதியாக இருக்கும் பிள்ளைகளும், பெரியவர்கள் கண்ணைப் பார்த்துப் பேசாமல் வளர்ந்த நம் பிள்ளைகளும் அதில் அடிபடுகிறார்கள். சட்டம் மதிப்பெண்ணைத் தேர்ச்சியோடு கட்டியிருப்பதால், நடத்தைக்கு ரிப்போர்ட் கார்டில் தனிக் கட்டம் இருக்கும் மாவட்டங்களில் நடத்தை அங்கேதான் போக வேண்டும். சீருடைக்குக் காசு இல்லாததால் மதிப்பெண் குறைவது எந்த வகையிலும் சரியில்லை. பள்ளி வாங்கும் கட்டணத்தைக் கொடுக்க முடியாதவர்களுக்குத் தள்ளுபடி முறை வைத்திருக்க வேண்டும் என்று கல்விச் சட்டத்தின் 11.158ஆம் பிரிவு சொல்கிறது. கேட்டால் கிடைக்கும், கேட்பதில் வெட்கம் வேண்டாம். டிஷ்யூ டப்பா கொண்டுவந்தால் கூடுதல் மதிப்பெண் என்பதும் இதே தவறின் இன்னொரு பக்கம்.

வகுப்பு விதியை மீறினால் என்ன நடக்கும் என்ற பகுதியைப் படிக்கும்போது இந்தப் பாடத்திலேயே வரும் இரண்டு வழக்குகளை நினைவில் வையுங்கள். காஸ் எதிர் லோபஸ் (1975): பத்து நாள் வரையிலான இடைநீக்கத்துக்குக்கூட, குற்றச்சாட்டைச் சொல்லி, மாணவர் மறுத்தால் ஆதாரத்தை விளக்கி, அவர் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நியூ ஜெர்சி எதிர் டி.எல்.ஓ. (1985): பள்ளி நிர்வாகிக்கு மாணவியின் பையைச் சோதிக்க வாரண்ட் வேண்டாம், ஆனால் நியாயமான சந்தேகம் வேண்டும். கிரேடு குறைப்பு இடைநீக்கம் இல்லை, அதனால் காஸ் தீர்ப்பு இங்கே நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் இதைக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர், காப்பியடித்ததாகச் சந்தேகிக்கும் மாணவியிடம் முதலில் என்ன நடந்தது என்று கேட்பார். சிலபஸில் அந்தப் படி இருக்கிறதா என்று பாருங்கள். மாணவர்களே ஒருவர் தாளை ஒருவர் திருத்துவதைப் பற்றியும் பெற்றோர் கவலைப்படுகிறார்கள். அது மாணவர் தகவல் காப்புச் சட்டத்தை மீறவில்லை என்று 2002இல் ஒவாசோ எதிர் ஃபால்வோ வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. எனவே தடுக்க முடியாது. ஆனால் பெரிய மதிப்பெண்ணுக்கு அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று கேட்பதில் தவறில்லை.

வருகைப் பதிவு நம் குடும்பங்களைத் தனியாகப் பாதிக்கும். டெக்சாஸில் வகுப்பு நடக்கும் நாட்களில் 90 சதவீதம் வராவிட்டால், தேர்ச்சி மதிப்பெண் இருந்தாலும் கிரெடிட் தானாகக் கிடைக்காது. வருகைக் குழு பார்த்து முடிவு செய்யும். செமஸ்டருக்குச் சுமார் 85 நாள் என்றால் எட்டு நாள்தான் கையில் இருக்கிறது. டிசம்பரில் ஊருக்குப் போய் விடுமுறையோடு ஒரு வாரம் சேர்த்தாலே அதில் பெரும்பகுதி கரைந்துவிடும். மருத்துவச் சான்றிதழ் இருந்தால் போதும் என்றும் நினைக்க வேண்டாம், காரணம் சொன்ன விடுப்பும் இந்தக் கணக்கில் வரலாம். தீபாவளி வேறு: மத விழா நாளையும் அதற்கான பயண நாளையும் பள்ளி அனுமதித்தே ஆக வேண்டும், விட்ட வேலையை முடித்துக் கொடுத்தால் வந்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். முன்கூட்டி எழுதிக் கொடுங்கள். செய்முறை வகுப்பை விட்டால் வொர்க்‌ஷீட் போல வீட்டில் முடிக்க முடியாது, அதற்கு ஈடாக எப்போது, எப்படி என்பதைக் கிளம்புமுன் கேட்டு வாங்குங்கள். 504 திட்டமோ ஐ.இ.பி.யோ (குறைபாடுள்ள பிள்ளைகளுக்குப் பள்ளி எழுதித் தரும் உதவித் திட்டங்கள்) உள்ள பிள்ளைக்கு அதில் எழுதியிருக்கும் கூடுதல் நேரம் செய்முறைக்கும் பொருந்தும், அதைச் சிலபஸ் குறைக்க முடியாது.

ஜி.பி.ஏ. பற்றி. பல மாவட்டங்களில் லா என்ஃபோர்ஸ்மென்ட் 1 சாதாரண எடைதான், கல்லூரித் தரத்து ஏ.பி. பாடத்துக்கு உள்ள கூடுதல் எடை கிடையாது. தரவரிசையின் உச்சிக்குப் போட்டியிடும் பிள்ளைக்கு 98 வாங்கினாலும் கொஞ்சம் இழுக்கும். மற்றவர்களுக்கு அது பொருட்டே இல்லை. இதே பாடத்தை, பள்ளிக்கும் கல்லூரிக்கும் சேர்த்துக் கணக்காகும் டூயல் கிரெடிட்டாக, சி.ஆர்.ஐ.ஜே. 1301 என்ற கல்லூரிப் பாடமாக எடுத்தால் கதை மாறும். அந்த மதிப்பெண் கல்லூரி டிரான்ஸ்கிரிப்டில் நிரந்தரமாக நிற்கும், உயர்நிலைப் பள்ளியின் ரீடேக் விதிகள் அங்கே செல்லாது. பத்தாம் வகுப்பில் அவசரப்பட வேண்டாம் என்பது என் கருத்து. ஃபெமா எனப்படும் மத்திய அரசின் பேரிடர் மேலாண்மை அமைப்பின் ஐ.எஸ்.-100, ஐ.எஸ்.-700 சான்றிதழ்களைப் பெரிய மதிப்பெண்ணாக எடுக்கும் ஆசிரியர்கள் உண்டு. இணையத்தில் இலவசம், 75 சதவீதத்தில் தேர்ச்சி. ஆனால் அங்கே 76 வாங்கினால் ஏட்டில் 76 ஏறுமா, தேர்ச்சி என்பதால் 100 ஏறுமா என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மதிப்பெண் தவறு என்று தோன்றினால் முதலில் மகளே அட்டவணையையும் தாளையும் எடுத்துக்கொண்டு ஆசிரியரிடம் போகட்டும். அதில் முடியாவிட்டால் நீங்கள் எழுதுங்கள்: எந்த வேலை, எந்தத் தேதி, அட்டவணையின் எந்த வரி, சிலபஸின் எந்த விதி. பிறகு கவுன்சிலர், உதவி முதல்வர், முதல்வர். கல்விச் சட்டத்தின் 28.0214ஆம் பிரிவுப்படி ஆசிரியர் போட்ட மதிப்பெண் இறுதியானது. அது தான்தோன்றித்தனமானது, பிழையானது, அல்லது மாவட்ட கிரேடிங் பாலிசிக்கு ஒவ்வாதது என்று பள்ளி வாரியம் முடிவு செய்தால் மட்டுமே மாற்ற முடியும். அதனால் "என் பிள்ளை நிறைய உழைத்தாள்" என்ற வாதம் எடுபடாது. "பாலிசி ரீடேக் உண்டு என்கிறது, சிலபஸ் இல்லை என்கிறது" என்பது எடுபடும். திருத்திய தாள்களையும் அட்டவணைகளையும் பருவம் முடியும்வரை ஒரு ஃபோல்டரில் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

இப்போதைக்கு ஆசிரியருக்கு ஒரு மின்னஞ்சல் போதும். ஐந்து கேள்வி: தாமதக் கழிவு அதிகபட்சம் எவ்வளவு, ரீடேக்குக்கு எது வரை மதிப்பெண், நடத்தை மதிப்பெண் மொத்தத்தில் எத்தனை சதவீதம், கைவிலங்குப் பயிற்சிக்கு மாற்று என்ன, விட்டுப்போன செய்முறையை எந்த நாட்களில் ஈடுசெய்யலாம். பதில் வந்ததும் அதைச் சிலபஸோடு இணைத்து வைத்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஒப்புதல் படிவத்தில் மட்டும், எந்தப் பயிற்சிக்கு ஒப்புதல், எதற்கு இல்லை என்று பேனாவால் எழுதி ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.